செத்தால் வண்டி வரும்!

தாமல்! காஞ்சிக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடக்கும் ஊர். பரந்த ஏரி, பழைய கோயில், தொண்டை மண்டலத்தின் இருபத்து நான்கு கோட்டங்களில் ஒன்றான தாமர்க் கோட்டத்துக்குப் பெயர் தந்த ஊர் என்ற பெருமை, எல்லாம் உண்டு. ஆனால் நாம் அங்கே கண்டது கோட்டத்தையும் அல்ல, கொத்தளத்தையும் அல்ல. சாலையோரத்து மர நிழலில், கல் ஒன்றின்மீது உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியைக் கண்டோம். பக்கத்தில் ஒரு தடி. மடியில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் ஆஸ்பத்திரிச் சீட்டு.

"எங்கே ஆயா பயணம்?" என்று கேட்டோம்.

"காஞ்சிவரம் பெரியாஸ்பத்திரிக்கு ராசா. கண்ணுல புரை. உரிக்கணும்னு தேதி குடுத்தாங்க. இன்னிக்குத்தான்."

"பஸ் வரவில்லையா?"

"வந்துச்சி. ரெண்டு வந்துச்சி. ஒண்ணு நிக்கல. இன்னொண்ணு நின்னுச்சி. நான் எந்திரிச்சித் தடிய ஊனி நாலடி வெக்கிறதுக்குள்ள போயிடுச்சி."

"ஆட்டோ பிடிக்கலாமே?"

"போக வர ஐந்நூறு கேக்குறான். அவனக் குத்தம் சொல்லலாமா? அவனும் புள்ளக்குட்டிக்காரன்."

சற்று நேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொக்கை வாய் திறந்து சிரித்தபடி சொன்னார்: "செத்தா வண்டி வருமாமே ராசா, காசில்லாம? அதுலதான் போவணும் போலக் கீது!"

அவர் சிரித்தார். நம்மால் சிரிக்க முடியவில்லை. வயதானவர்கள் எதையோ சொல்வார்கள், விட்டுவிடலாம் என்று நகரவும் முடியவில்லை. அந்தச் சொல்லை உரசிப் பார்த்தோம். பார்த்தபோது நாம் கண்ட உண்மை இருக்கிறதே, அது கிழவியின் கேலியைவிடக் கூர்மையாக இருந்தது!

ஆம் தோழர்களே! செத்தால் வண்டி உண்டு. அரசு மருத்துவமனையில் ஒருவர் இறந்துவிட்டால், உடலை வீட்டுக்குக் கொண்டுசேர்க்க இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. 155377 என்று எண் கூட இருக்கிறது. நல்ல திட்டம்தான். பெற்றவளின் உடலை வீட்டுக்குக் கொண்டுபோகக் காசில்லாமல் ஏழை மகன் மருத்துவமனை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற நாட்களை நாம் மறந்துவிடவில்லை. அந்த இழிவைத் துடைத்த ஊர்தி அது. அதைக் குறை கூறுபவன் மனிதனல்லன். உயிர் ஊசலாடினாலும் வண்டி உண்டு. 108 என்று அழைத்தால் 2008-ஆம் ஆண்டு முதல் ஓடி வருகிறது. எத்தனை தாய்மார்கள், எத்தனை தொழிலாளர்கள் அந்த வண்டியால் உயிர் பிழைத்தார்கள்!

ஆனால் ஆயா சாகவில்லை. சாகும் நிலையிலும் இல்லை. அதுதான் அவர் செய்த குற்றம்! கண் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறார். அதற்குக் காஞ்சி வரை போக வேண்டும். போவதற்கு வண்டி இல்லை. போன இடத்தில் உயிர் போய்விட்டால் திரும்பி வருவதற்கு மட்டும் வண்டி இருக்கிறது.

சட்டத்தையும் புரட்டினோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதன் 66-ஆம் பிரிவு, பயணிகளை ஏற்றும் வாடகை வண்டிகளுக்குப் பெர்மிட் வேண்டும் என்கிறது. அதே பிரிவு சில வண்டிகளுக்கு விலக்கும் தருகிறது. போலீஸ் வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம். தீயணைப்பு வண்டிக்கு வேண்டாம். ஆம்புலன்சுக்கு வேண்டாம். அடுத்ததைக் கேளுங்கள்: பிணத்தையும், பிணத்தோடு செல்லும் துக்கம் கொண்டாடுவோரையும் மட்டும் ஏற்றிச் செல்லும் வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம்! மூத்தோரையும் ஊனமுற்றோரையும் ஏற்றிச் செல்லும் ஊர் வண்டி அந்தப் பட்டியலில் இல்லை. தாமலில் நாலு பேர் சேர்ந்து ஒரு வேன் வாங்கி, ஏறும் கிழவர் கிழவியரிடம் டீசல் செலவுக்குப் பத்துப் பத்து ரூபாய் வாங்கினால், வாடகைக்கு ஆள் ஏற்றினாய், பெர்மிட் எங்கே என்று கேட்க இடமிருக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு அழுதுகொண்டு போகிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் நினைவுக்கு வரவில்லை.

விடியற்காலையில் காஞ்சி வட்டாரத்துச் சாலைகளில் நின்று பாருங்கள். கிழக்கு வெளுக்கும் முன்பே வரிசையாக வருகின்றன பஸ்கள். ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்கு, ஒரகடம் ஆலைக்கு, இருங்காட்டுக்கோட்டை ஆலைக்கு. ஊர் ஊராக நுழைந்து, முனைக்கு முனை நின்று, இளைஞர்களையும் இளம்பெண்களையும் அள்ளிக்கொண்டு போகின்றன. ஷிப்டு தவறக் கூடாது, ஓடும் பட்டறை நிற்கக் கூடாது! ஒரு தொழிலாளி வராவிட்டால் ஓடி வந்து அழைத்துப் போக ஆள் உண்டு. அதே தொழிலாளியின் தாய், அவன் வேலைக்குப் போன நாலு மணி நேரத்துக்குப் பிறகு, அதே முனையில் தடியை ஊன்றிக்கொண்டு நிற்கிறாள். ஓடுகிற காலுக்கு வண்டி, ஓடி ஓய்ந்த காலுக்கு வெயில்!

"மகன் என்ன செய்கிறான்? அழைத்துப் போகக் கூடாதா?" என்று கேட்கும் நல்லவர்கள் இருக்கிறார்கள். மகன் ஷிப்டில் இருக்கிறான் ஐயா! ஒரு நாள் விடுப்பென்றால் ஒரு நாள் கூலி போச்சு. ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தால் வேலையே போகலாம். கண்ணுக்கு ஒரு நாள், பல்லுக்கு ஒரு நாள், வங்கிக்கு ஒரு நாள், கைரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பிய இடத்துக்கு மறுபடி ஒரு நாள் (நாற்று நட்டு நட்டுத் தேய்ந்த விரலில் ரேகை எங்கிருந்து விழும்!) என்று கணக்குப் போட்டால், மாதத்தில் பாதி நாள் மகன் வீட்டில்தான் இருக்க வேண்டும். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை பயணம். காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரால் 1969-இல் தொடங்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறதே, அங்கே கதிர்வீச்சுச் சிகிச்சை ஒரே நாளில் முடிந்துவிடுமா? வாரத்துக்கு ஐந்து நாள், வாரக் கணக்கில் போய்வர வேண்டும். நோய்க்கு மருந்து இலவசம். நோயாளி அங்கே போய்ச் சேருவது?

கணக்கையே போட்டுவிடுவோம். முதியோர் ஓய்வூதியம் இந்த மாநிலத்தில் 1962-இல் தொடங்கியது. 2011-இல் அது 1,000 ரூபாய் ஆயிற்று. 2023-இல் 1,200 ஆக்கப்பட்டது. அந்த 1,200-இல், ஆட்டோவுக்கு ஒரு முறை ஐந்நூறு என்றால், இரண்டு முறை போய்வந்த பிறகு கையில் மிஞ்சுவது இருநூறு. மாதம் முழுவதற்கும்!

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்த நாட்டில் எதுவுமே நடக்கவில்லை என்று ஒப்பாரி வைப்பது நம் வழக்கமல்ல. தனியார் முதலாளிகளின் பஸ் லாபம் வரும் சாலையில் மட்டும் ஓடிய காலம் ஒன்று உண்டு. 1972-இல் பல்லவன், சேரன், சோழன் என்றெல்லாம் பெயர் தாங்கி அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் ஓடத் தொடங்கின. லாபம் வரும் தடத்தின் வருவாயைக் கொண்டு நட்டம் வரும் தடத்திலும் பஸ் விட்டார்கள். பள்ளிக்கூடம் போகாத பெண் பள்ளிக்கூடம் போனாள். பண்ணையார் வீட்டு வாசலைத் தவிர வேறு வாசல் அறியாதவன் தாலுகா ஆபீசைப் பார்த்தான். 1997-இல் மினி பஸ் வந்தது. பெரிய பஸ் நுழையாத ஊர்களுக்குள் நுழைந்தது. 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் மகளிருக்குச் சாதாரண நகரப் பஸ்களில் கட்டணமில்லாப் பயணம். அடுத்து, மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வரும் ஒரு துணையாளுக்கும், திருநங்கையருக்கும் அதே சலுகை. 2025 ஜூன் 16 அன்று தஞ்சையில் புதிய மினி பஸ் திட்டம் தொடங்கப்பட்டது. 25 கிலோமீட்டர் வரை தடம் போடலாம் என்றார்கள்.

இவை எல்லாம் சாதனைகள். ஆனால் இத்தனைக்குப் பிறகும் ஆயா கல்லின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறார். ஏன்?

பஸ் ஊருக்கு வந்தது, வீட்டுக்கு வரவில்லை. அதுதான் காரணம்!

சீட்டு இலவசம். படிக்கட்டு? லாரிக்கென்று செய்த அடிச்சட்டத்தின் மேல் கட்டிய பஸ்ஸில் முதல் படியே முழங்காலுக்கு மேலே நிற்கிறது. நமக்கு அது படி. முழங்கால் தேய்ந்தவருக்கு அது மதில். இலவசச் சீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது! வீட்டிலிருந்து நிறுத்தம் வரைக்கும் ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் நடந்தாக வேண்டும். தாமல் போன்ற ஊரில், பாய்ந்து செல்லும் லாரிகளுக்கு நடுவே நெடுஞ்சாலையைக் கடந்தால்தான் மறுபக்கத்து நிறுத்தம். இளைஞன் ஓடிக் கடக்கிறான். கண்ணில் புரை விழுந்தவர் எந்த லாரி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று எப்படி அறிவார்?

ஆயாவின் வீட்டுக்காரர் கதை இன்னும் விசித்திரம். அவர் பெண்ணுமல்ல, மாற்றுத்திறனாளி அட்டை பெற்றவருமல்ல, வெறும் கிழவர். எனவே அவர் சீட்டு வாங்க வேண்டும். சென்னை மாநகரப் பஸ்ஸில் அறுபது வயது கடந்தவருக்கு மாதம் பத்து முறை இலவசமாகப் போகும் டோக்கன் 2016-இல் வந்தது. சென்னைக் கிழவருக்கு! தாமல் கிழவருக்கு அந்த டோக்கன் கிடையாது. பட்டணத்தில்தான் முதுமை வருகிறது, பட்டிக்காட்டில் அனைவரும் என்றும் பதினாறு போலும்!

சென்னையில் 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பஸ்களை விட்டார்கள். நாமும் ஏறிப் பார்த்தோம். நிறுத்தத்தில் வந்து நின்றதும் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து தாழ்கிறது. சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் விரிகிறது. அந்த வசதி சும்மா கிடைத்துவிடவில்லை. மாற்றுத்திறனாளித் தோழர்கள் ஆண்டுக்கணக்கில் உயர்நீதிமன்றப் படியேறி வாதாடிப் பெற்றது. மனிதன் முன் மண்டியிடும் வண்டி! எவன் முன்னும் மனிதன் மண்டியிடக் கூடாது என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்த வண்டியைப் பார்த்தபோது நெஞ்சு நிமிர்ந்தது. உடனே கேள்வியும் எழுந்தது. இந்த வண்டி பூந்தமல்லியைத் தாண்டி மேற்கே எப்போது வரும்?

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, எல்லா வகைப் போக்குவரத்தும் அவர்கள் ஏறி இறங்கத் தக்கதாக இருக்க அரசு ஆவன செய்ய வேண்டும் என்கிறது. அவர்கள் சொந்தமாக நடமாடக் குறைந்த செலவில் திட்டம் வகுக்கச் சொல்கிறது. நகரத்தில் மட்டும் என்று அதில் எழுதவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரம் பேர். அவர்கள் அனைவரும் அண்ணா சாலையிலா குடியிருக்கிறார்கள்?

தாமல் டீக்கடையில் நம்மோடு பேசிய தையல்காரத் தோழருக்குச் சிறு வயதில் போலியோ. அரசு கொடுத்த இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் வருகிறார். "எனக்கு ஸ்கூட்டர் வந்த அன்னிக்குத்தான் அண்ணே, நான் இந்த ஊருக்குள்ளயே வந்தேன். அதுக்கு முன்னால ஒரு திண்ணையிலதான் இருந்தேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "என் தங்கச்சிக்குக் கையும் விளங்காது. அவளால வண்டி ஓட்ட முடியாது. அவ இன்னமும் திண்ணையிலதான் இருக்கா." அந்தப் பெண்ணின் வயது இருபத்தெட்டு. நாம் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? டீயைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

இனி, அறிவாளிகளின் வாதம் ஒன்று. "எல்லாவற்றையும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டால் போகிறது. அவர்கள் ஏன் வெளியே போக வேண்டும்?" 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டு 12 அன்று தாயுமானவர் திட்டம் தொடங்கியது. எழுபது வயது கடந்த 20 லட்சத்து 42 ஆயிரம் பேருக்கும், மாற்றுத்திறனாளிகள் 1 லட்சத்து 27 ஆயிரம் பேருக்கும் ரேஷன் பொருள் வீடு தேடிப் போகும் என்று அன்று அறிவித்தார்கள். அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டு கடை வாசலில் மூச்சு வாங்கிய முதியவரை நினைத்தால், இரு கை கூப்பி வரவேற்க வேண்டிய திட்டம்தான்.

ஆனால் எண்ணிப் பாருங்கள். அரிசி வீட்டுக்கு வந்தது. மாத்திரை வந்தது. வாக்குப் பெட்டி கூட வந்தது. 2021 சட்டமன்றத் தேர்தலில் எண்பது வயது கடந்தவர் வீட்டுக்கே தேர்தல் அலுவலர் போய் வாக்கு வாங்கி வந்தார். எல்லாம் உள்ளே போகின்றன. மனிதர் மட்டும் வெளியே வருவதற்கில்லை! மனிதன் என்ன, மாதம் ஒரு முறை பொருள் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வரவேண்டிய விலாசமா? ஆயாவுக்குக் கண் மட்டுமா குறை? பக்கத்து ஊரில் ஒரு தங்கை இருக்கிறாளாம். பார்த்து இரண்டு வருஷமாயிற்றாம். "செத்தாத்தான் பாப்போம் போல" என்றார். சந்தைக்குப் போய்க் கத்தரிக்காயைத் தன் கையால் பொறுக்கி வாங்க ஆசை. அதற்கு எந்த இலாகா மனு வாங்கும்?

வண்டி இருந்தால் முதுமை என்ன செய்யும் என்பதை இந்த நாடே பார்த்திருக்கிறது. 94 வயதில், நடக்க முடியாத நிலையில், சிறுநீர்க் குழாயைச் சுமந்துகொண்டு, வேனில் படுத்தும் அமர்ந்தும் ஊர் ஊராகப் போனாரே பெரியார்! 1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகரில் அவர் பேசிய கடைசிக் கூட்டம் வரை அவரைக் கொண்டுசேர்த்தது எது? உறுதி என்பீர்கள். உறுதிதான். ஆனால் உறுதிக்குக் கீழே நான்கு சக்கரமும் இருந்தது. 2009-க்குப் பிறகு சக்கர நாற்காலியிலேயே இருந்தார் கலைஞர். தொண்ணூற்றிரண்டை நெருங்கும் வயதில், 2016 தேர்தலில், நாற்காலியோடு ஏறிக்கொள்ள வசதி செய்த வண்டியில் தமிழ்நாட்டைச் சுற்றினார். தலைவர்களுக்குக் கிடைத்ததைக் குறை கூறவில்லை நாம். ஒரு வண்டி கிடைத்ததால் ஒரு மூத்தவர் என்ன செய்தார் என்பதற்குக் கண்முன் சாட்சி அது. அது தாமலில் ஏர் பிடித்த கிழவருக்கும், தறிக்குழியில் நாற்பது ஆண்டு கால் தொங்கவிட்டு முழங்காலைத் தொலைத்த காஞ்சி வட்டாரத்து நெசவாளிக்கும் ஏன் கிடைக்கக் கூடாது?

இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது உத்திரமேரூர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டை ஊரெல்லாம் மெச்சுகிறார்கள். அந்தச் சபையில் உட்காரச் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிய வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். உழுதவனுக்கு அங்கே இடமில்லை; பெண்ணுக்கு இல்லை. எனவே அதைத் தலையில் வைத்துக் கூத்தாட நாம் தயாரில்லை. ஆனால் அதில் ஒன்று கண்ணில் பட்டது. ஓலை எடுக்கும் நாளில் சிறியோர் முதல் முதியோர் வரை சபையார் அனைவரும் கூடியிருக்க வேண்டும் என்கிறது அது. பதவிக்கு எழுபதோடு நிறுத்தியவர்கள் கூட, கூட்டத்துக்கு முதியவரை விட்டுவிடவில்லை! இன்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட்டுகிறோம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே நிலமும் வேதமும் கேட்பதில்லை. நமது வெற்றி அது. ஆனால் முழங்கால் கேட்கிறார்கள்!

வேறு நாட்டார் என்ன செய்தார்கள்? டோக்கியோவுக்குப் பக்கத்தில் முசாஷினோ என்றொரு நகரம். ரயில் நிலையம் வரை நடந்து போகப் பயமாக இருக்கிறது என்று வயதான ஒருவர் நகராட்சிக்குக் கடிதம் எழுதினார். கடிதம் குப்பைக் கூடைக்குப் போகவில்லை. நகராட்சி ஆய்ந்தது. 1995 நவம்பரில் சந்துக்குள் நுழையும் சிறிய பஸ்ஸை விட்டது. சுமார் இருநூறு மீட்டருக்கு ஒரு நிறுத்தம். கட்டணம் நூறு யென். அதைப் பார்த்து ஜப்பானின் மற்ற ஊர்களும் பின்பற்றின. ஒரு கடிதம், தோழர்களே! நெதர்லாந்தில் 1977 முதலும், ஜெர்மனியில் 1985 முதலும் இன்னொரு வழி. பஸ் கம்பெனிக்குக் கட்டுப்படியாகாத கிராமங்களில் எட்டுப் பேர் அமரும் வண்டியை ஊர்க்காரர்களே முறை வைத்து ஓட்டுகிறார்கள். ஓட்டுபவருக்குச் சம்பளம் இல்லை. வண்டிக்கு அரசு உதவி உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர் ஸ்டியரிங் பிடிக்கிறார்கள். அறுபத்தைந்து வயதுக்காரர் எண்பது வயதுக்காரரை ஏற்றிப் போகிறார்.

அவ்வளவு தூரம் ஏன்? கேரளத்துக்கு வாருங்கள். திருவனந்தபுரம் மாவட்டம் கொல்லயில் ஊராட்சியில் 2022 ஜூலையில் 'கிராம வண்டி' ஓடத் தொடங்கியது. பஸ் அரசுப் போக்குவரத்துக் கழகத்தினுடையது. டிரைவர், கண்டக்டர் சம்பளமும் அவர்களுடையதே. டீசல் செலவு மட்டும் ஊராட்சியினுடையது. எந்தத் தெரு வழியாக, எந்த நேரத்துக்கு என்பதை ஊராட்சி சொல்கிறது. நட்டம் நட்டம் என்று கழகம் கை விரிக்க வேண்டியதில்லை. பஸ் இல்லை பஸ் இல்லை என்று ஊர் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கவும் வேண்டியதில்லை. செலவைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

நம்மால் முடியாதா? பூட்டைக் காட்டினோம் அல்லவா, சாவியும் அதே சட்டத்தில் இருக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 67-ஆம் பிரிவில் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். கிராமப் போக்குவரத்துக்காகவும், கடைசி மைல் இணைப்புக்காகவும், மக்கள் நடமாட்டத்தை எளிதாக்குவதற்காகவும் மாநில அரசு தானே திட்டம் வகுத்து உரிமம் கொடுக்கலாம். இருக்கிற வண்டிகளை இன்னும் நன்றாகப் பயன்படுத்தவும் திட்டம் போடலாம் என்கிறது அது. டில்லியைக் கேட்க வேண்டியதில்லை. கோட்டையில் ஓர் அறிவிக்கை போதும். 'முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஊர் வண்டி' என்று ஒரு வகை பிறந்துவிடும்.

அந்த ஆலைப் பஸ்கள்! காலை ஷிப்டை இறக்கிவிட்டு, அடுத்த ஷிப்டு வரைக்கும் சும்மா நிற்கின்றனவே, அவற்றை நினைத்துப் பாருங்கள். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் காணும் நிறுவனங்கள் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. வருடம் ஒரு நாள் மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். படம் அழகாகத்தான் இருக்கிறது. அதற்குப் பதில், வாரத்தில் இரண்டு நாள், காலை பத்திலிருந்து ஒரு மணி வரை, சாய்தளம் பொருத்திய ஒரு சின்னப் பஸ்ஸைத் தாமல் பக்கம் அனுப்பட்டும். செவ்வாய் ஆஸ்பத்திரி, வெள்ளி வங்கியும் சந்தையும் என்று ஊராட்சியில் முடிவு செய்துகொள்ளலாம். நேரடியாகத் தெருவுக்கு வரட்டும். டிரைவர் இறங்கிக் கை கொடுக்கட்டும். ஏறுவதற்கு இரண்டு நிமிடம் ஆனால் ஆகட்டும்!

இதற்குப் பணம் பெரிதல்ல. யார் வீட்டில் யார் இருக்கிறார், யாருக்கு எந்த நாளில் எங்கே போக வேண்டும் என்ற கணக்குத்தான் பெரிது. அந்தக் கணக்கு நம்மிடம் இல்லையா?

இங்கேதான் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும், தோழர்களே. வாக்குப்பதிவு நாளில் எந்தத் தெருவில் எந்தப் பாட்டிக்கு நடக்க முடியாது, எந்தத் தாத்தாவைத் தூக்கி வர வேண்டும் என்று நமக்கு மனப்பாடம். வாக்காளரை வண்டியில் இலவசமாக ஏற்றி வருவது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஊழல் நடவடிக்கை. ஆனாலும் எந்தக் கட்சிக் கொடி கட்டிய ஆட்டோ எந்த ஊரில் அன்று ஓடவில்லை? நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஓடி வந்த கைகளை நாம் பார்த்ததில்லையா? அந்தக் கைகள் மறுநாள் எங்கே போயின? ஐந்து வருடத்துக்கு ஒரு நாள் தூக்கத் தெரிந்தவர்களுக்கு, மாதத்துக்கு ஒரு நாள் கை கொடுக்கத் தெரியாதா? சட்டம் தடுக்கும் நாளில் ஓடினோம். எந்தச் சட்டமும் தடுக்காத மற்ற நாட்களில் உட்கார்ந்திருக்கிறோம். இதை எதிர்க்கட்சியைப் பார்த்து எழுதவில்லை; நம் வார்டுச் செயலாளர்களைப் பார்த்துத்தான் எழுதுகிறோம். கோபம் வந்தால் வரட்டும்.

அன்று ஆயாவை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். தையல்காரத் தோழர் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவருக்குப் போன் செய்தார். அவர் வந்தார், முந்நூறுக்கு ஒத்துக்கொண்டார். நாங்கள் சேர்த்துக் கொடுத்தோம். ஆயா ஏறினார். போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை ஆகியிருக்கும். தேதி தவறிவிட்டது, அடுத்த வாரம் வா என்று சொன்னார்களோ, அன்றே பார்த்தார்களோ, எங்களுக்குத் தெரியாது.

ஆட்டோ போன பிறகு தையல்காரத் தோழர் தம் கடையிலிருந்து அளவெடுக்கும் நோட்டை எடுத்து வந்தார். பின்பக்கத்துத் தாளைத் திருப்பி, தெருப் பெயர், வீடு, வயது, எங்கே போக வேண்டும், எந்தக் கிழமை என்று ஐந்து கோடு போட்டார். முதல் வரியில் ஆயா. இரண்டாவது வரியில் தம் தங்கையை எழுதினார். எங்கே போக வேண்டும் என்ற இடத்தைக் காலியாக விட்டார். "அவளையே கேட்டு எழுதணும் அண்ணே" என்றார்.

ஊர் முழுவதும் எழுத எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டோம். நாலு பேர் வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், கிராம சபைக்கு முன்னால் ஊராட்சி ஆபீசில் கொடுத்துவிடலாம் என்றார். வருகிற ஞாயிறு நாமும் தாமலுக்குப் போகிறோம். இன்னும் இரண்டு பேர் வேண்டும்.